ஆர்எக்ஸ்-8க்கு பிபிஎஃப் (பெயின்ரைக் காக்கிற பிலிம்) ஒட்டினது: என் அனுபவம்

கொழும்பில மஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கி ஏ9 றோட்டால யாழ்ப்பாணம் கொண்டு வந்து விடியப் பாத்தா பொனட் முன்னுக்கு வெள்ளைப் புள்ளி மூண்டு, நகத்தால தடவினா பள்ளம் தெரியுது, மனம் நொந்து போச்சு. முறிகண்டிக்குக் கிட்ட டிப்பர் ஒண்டுக்குப் பின்னால வரேக்க தெறிச்ச கல்லுத்தான்.

இனிக் கல்லுப் பட்டாலும் பெயின்ற் போகாமல் இருக்க செராமிக் கோட்டிங் (பெயின்ருக்கு மேல பூசுற பூச்சு) போதும் எண்டு மச்சான் சொன்னவன், ஆனா அது சரியான மெல்லிசு, மினுங்கும், ஊத்தை லேசில ஒட்டாது, கல்லைத் தடுக்காது. பிபிஎஃப் எண்டது 150-200 மைக்ரோன் (0.15-0.2 மில்லிமீற்றர்) தடிப்பான யூரித்தேன் பிலிம், அடியை அது வாங்கும், நல்ல பிலிம் எண்டா சின்னக் கீறல் வெயில் சூட்டிலயே மறையும்.

முழுக்காருக்கும் ஒட்டக் கையில காசில்லை, அதால பம்பர், பொனட், சைட் மிரர் மட்டும், அதுவும் புள்ளியளுக்கு பெயின்ற் தொட்டு டச்சப் பண்ணி நல்லாக் காய விட்ட பிறகுதான். காகம் எச்சம் போட்டா மட்டும் உடனே கழுவுங்கோ, பிலிமிலயும் கறை பிடிக்கும்.