கப்பல்லயே குடியிருக்க வெளிக்கிடுற எங்கட ஆக்கள் விடுற பிழையள்

இப்ப கொஞ்சக் காலமா எங்கட ஆக்களும் வீடு வாசலை விட்டிட்டு குடியிருப்புக் கப்பல்ல நிரந்தரமா ஏறத் தொடங்கிட்டினம். பிள்ளையள் ஆளுக்கொரு நாட்டில, யாழ்ப்பாணத்து வீட்டில இருக்க ஆருமில்லை, கனடா ஸ்காபரோவில ஸ்னோ தள்ள இடுப்பு விடாது, அப்ப கப்பல்தான் சுகமெண்டு நினைக்கினம். அது பிழையில்லை, நானும் அப்பிடி ஏறின ஆள்தான். ஆனா புதுசா வாற ஒவ்வொரு சோடியும் பழைய ஆக்கள் நாங்கள் விட்ட அதே பிழையளை வரிசைகூட மாறாம விடேக்கதான் விசர் வருது. வாந்திக் குளுசை, மூட்டை மூட்டையா சூட்கேஸ், இதுகளைப் பற்றி நான் எழுதேல்ல, ரெண்டு கிழமையில தானாப் பிடிபடும்.

இன்னும் ஓடத் தொடங்காத கப்பலுக்கு காசு கட்டுறது

2023 இல லைஃப் அற் சீ எண்டு ஒரு மூண்டு வருசப் பயணம் விளம்பரம் பண்ணினவை, வருசத்துக்கு 30,000 டொலரளவில இருந்து விலை. நவம்பர் 1 இஸ்தான்புல்லில வெளிக்கிட வேண்டியது, திகதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில அவை வாங்க இருந்த கப்பலை வேறொரு கொம்பனி வாங்க, பயணமே நிண்டு போச்சு. அதை நம்பி வீட்டை வித்த ஆக்களும் இருந்தவை. அடுத்த வருசம் வில்லா வீ ஒடிசி, 1993 இல கட்டின கப்பல், மே கடைசியில பெல்பாஸ்டில இருந்து ஓட வேண்டியது, சுக்கான் தண்டு, கியர்பொக்ஸ் எண்டு திருத்தி முடிஞ்சு வெளிக்கிட நாலு மாசம் சுணங்கிட்டுது. அது பிறகெண்டாலும் ஓடினது, சரி. த வேர்ல்ட் எண்ட குடியிருப்புக் கப்பல் 2002 இல இருந்து ஓடுது, ஆனா அதில வீடு வாங்கிறது எங்கட பொக்கற்றுக்கு எட்டாத கதை.

கட்டுற காசு ஆற்ற கணக்கில கிடக்கும், கப்பல் ஓடாட்டி எத்தினை நாளுக்குள்ள திரும்பி வரும், இந்த ரெண்டையும் எழுத்தில வாங்காம சதம் குடுக்காதேங்கோ.

கரையில விலாசம் இல்லாம ஏறுறது

இதைத்தான் நான் சொல்லிச் சொல்லி வாய் நோகுது. "இனிக் கப்பல்தானே வீடு, பிறகேன் அண்ணை வீட்டு வரி கட்டுவான்" எண்டு கேப்பினம். கப்பல் வீடா இருக்கலாம், ஆனா நாடில்லை. பின்னுக்கு பஹாமாஸ் கொடி பறக்குது எண்டதுக்காக உங்களை பஹாமாஸ்காரர் பொறுப்பெடுக்கப் போறேல்ல.

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒராள், பிறந்தது வடமராட்சி, இருந்தது ரொறன்ரோ. மனுசன் செத்தாப் பிறகு வீட்டை வித்து, ஃபோனை வெட்டி, எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு ஏறினவ. ஒண்டாரியோ மாகாணத்தில ஓஹிப், அதான் அரசாங்க மருத்துவக் காப்பு, வேணுமெண்டா எந்த 12 மாசத்தை எடுத்தாலும் 153 நாள் அங்க நிண்டிருக்க வேணும், வீடும் அங்கதான் இருக்க வேணும். அவவுக்கு ரெண்டுமில்லை. ஓஹிப் போனா போகட்டும், நான்தான் ட்ராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறனே எண்டு இருந்திட்டா. அந்த இன்சூரன்ஸ் பத்திரத்திலயே மாகாண மருத்துவக் காப்பு செல்லுபடியா இருக்க வேணும் எண்டு எழுதிக் கிடக்கு, வாசிச்சது ஆர்? கனடாவில விக்கிற ட்ராவல் இன்சூரன்ஸ் அநேகமா இப்பிடித்தான்.

பேந்து ஒருநாள் பித்தப்பைக் கல்லு நோ. கப்பல்ல டொக்டர் இருக்கிறார்தான், ஆனா அந்த இடம் எங்கட ஊர் டிஸ்பென்சரி மாதிரி, நோவைக் குறைச்சு, சேலைன் ஏத்தி, ஆளை அடுத்த துறைமுகத்தில இறக்கிறது மட்டுந்தான் நடக்கும், வெட்டிக் கொத்த ஏலாது. இறக்கிட்டு கப்பல் போட்டுது. தனியார் ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டினாத்தான் கட்டில் எண்டிட்டினம், இன்சூரன்ஸ்காரர் கையை விரிச்சிட்டினம், சரி சொந்தக் காசைக் கட்டுவம் எண்டு பாத்தா பாங்க் காட் திகதி முடிஞ்சு போய்க் கிடக்கு, புதுக் காட் வித்த வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கு, பாங்க் அனுப்புற ஓடிபி நம்பர் வெட்டின ஃபோனுக்குப் போகுது. மகன் அவுஸ்திரேலியாவில இருந்து காசு அனுப்பித்தான் ஒப்பரேசன் நடந்தது. அந்த நாளெல்லாம் இங்கால கப்பல் அறைக்கும் மாசக் காசு ஏறிக்கொண்டே இருந்தது!

இவ்வளவும் ஒரு விலாசமும் ஒரு ஃபோன் நம்பரும் இல்லாததால வந்தது எண்டு நினைக்க இப்பவும் எரிச்சலா இருக்கு, ஏனெண்டா ஏற முந்தி நான் இதைத்தான் சொன்னனான், அவ சிரிச்சவ.

பென்சனும் இதோடதான் ஒட்டிக் கிடக்கு. கனடாவில 18 வயசுக்குப் பிறகு 20 வருசம் இருக்காத ஆக்களுக்கு, ஆறு மாசத்துக்கு மேல வெளியில நிண்டா ஓல்ட் ஏஜ் காசு நிக்கும். வருமானம் குறைஞ்ச முதியவைக்கு அதோட சேத்துக் குடுக்கிற ஜிஐஎஸ் எண்டா எத்தினை வருசம் இருந்த ஆளெண்டாலும் நிக்கும். இலங்கைப் பென்சன்காரர் வருசா வருசம் உயிர்ச் சான்றிதழ் குடுக்க வேணும். வீட்டை விக்கிறதெண்டா வில்லுங்கோ, ஆனா வித்த காசில ஒரு சின்ன அறையாவது எடுத்து, நாள் கணக்கைப் பிடிச்சு வருசத்தில போய் நிண்டிட்டு வாங்கோ. அது ஏலாதெண்டா மாகாணக் காப்பு கேக்காத சர்வதேச மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுங்கோ, விலை கூடத்தான். கடிதம் பாக்க நம்பிக்கையான ஒராள், உங்களுக்குப் பதிலா காசு, கடுதாசி அலுவல் பாக்க ஒராளுக்கு நல்லா இருக்கேக்கயே எழுதிக் குடுத்த அற்றோணித் தத்துவம், இது ரெண்டும் இல்லாம ஏறாதேங்கோ.

கப்பலாக்களுக்கு விசா கேக்க மாட்டினம் எண்டு நினைக்கிறது

அது வேலை செய்யிற பெடியளுக்கு, அவைக்கு வேற கடுதாசி இருக்கு. நீங்கள் பயணி. இலங்கைப் பாஸ்போட் எண்டா கப்பல் போற நாடுகளின்ர பட்டியலை எடுத்து ஒவ்வொண்டா விசா பாருங்கோ, ஒரே விசாவில போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கனுக்கு பலமுறை போய் வாற விசாவா எடுங்கோ. கனடா, லண்டன் பாஸ்போட்காரரும் துள்ளத் தேவையில்லை, ஷெங்கனுக்குள்ள எந்த 180 நாளிலயும் 90 நாள்தான். கோடை முழுக்க கப்பல் கிரேக்கம், இத்தாலி எண்டு சுத்தினா அந்தக் கணக்கு சத்தமில்லாம முடியும், பிறகு நடுவில இறங்கி ஹோட்டல் தேட வேண்டியதுதான்.

சாமி விளக்கு

கொழுத்தேலாது. கற்பூரம், ஊதுபத்தியும்தான். பற்றரி விளக்கு கொண்டு வாங்கோ.

பக்கத்து அறைக்காரர்

முதல் மாசமே குடும்பக் கதை முழுக்க அவிழ்க்காதேங்கோ, கோவிச்சா ஒளிக்க இடமில்லை.

ரைஸ் குக்கர்

பறிச்சு வைப்பினம். மின்னடுப்பு, அயர்ன் பொக்ஸ் எல்லாத்துக்கும் அதே கதைதான். மிளகாய்த்தூள் கொண்டு வாறதெண்டா கடையில சீல் பண்ணின பக்கற்றா கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில தூவிச் சாப்பிடுங்கோ, ஆனா அவுஸ்திரேலியா, நியூசிலாந்து துறைமுகத்தில இறங்கேக்க கைப்பையை ஒருக்கா உதறிப் பாத்திட்டு இறங்குங்கோ, சாப்பாட்டுச் சாமானை சொல்லாமக் கொண்டு போனா அவை அபராதம் போடுவினம்.