எழுத்தாளரின் மாதக் குறிப்பு: எழுத்து, வாசிப்பு, உடல்நலம் மூன்றையும் ஒரே ஏட்டில் வைப்பது எப்படி

மாதம் முடிந்தபின் உட்கார்ந்து யோசித்தால் கடைசிப் பத்து நாள்தான் நினைவுக்கு வரும். முதல் வாரத்தில் முடித்த அத்தியாயம் எப்போதோ நடந்தது போலத் தோன்றும்; பாதியில் விட்ட புத்தகம் சுத்தமாக மறந்துபோயிருக்கும். அதனால் மாதக் குறிப்பின் முக்கால்வாசி வேலை, தினமும் எழுதும் இரண்டு நிமிடப் பதிவிலேயே முடிந்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சம் இருப்பது தொகுப்பதும் முடிவெடுப்பதும்தான்.

பலர் எழுத்துக்கு ஒரு நோட்டு, புத்தகங்களுக்கு ஒரு செயலி, தூக்கத்துக்கு ஒரு கைக்கடிகாரம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பிசகு. எழுத்து ஏன் நின்றது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் எழுத்துக் கணக்கில் இருக்காது. நான்கு இரவு ஒன்றரை மணிக்குப் படுத்ததில் இருக்கும், மணிக்கட்டு வலியில் இருக்கும், சில சமயம் வாசிப்பே இல்லாமல் போன இரண்டு வாரத்தில் இருக்கும். மூன்றும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கண்ணில் படும்.

நாள் பதிவு

ஒரு நாளுக்கு ஒரு வரி. கோடு போட்ட நோட்டானாலும் சரி, விரிதாளானாலும் சரி. எழுத்துக்கு நான்கு கட்டம்: தொடங்கிய நேரம், நிமிடங்கள், சொற்கள், வேலையின் வகை. வாசிப்புக்கு இரண்டு: புத்தகம், பக்கங்கள். உடலுக்கு ஐந்து: படுத்த நேரம், எழுந்த நேரம், நடை அல்லது உடற்பயிற்சி நிமிடங்கள், வலி (0 முதல் 10 வரை), மனநிலை (1 முதல் 5 வரை). கடைசியில் ஒரு வரி குறிப்பு. மொத்தம் பன்னிரண்டு. இன்னொன்று சேர்க்க ஆசை வந்தால் இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டுச் சேர்க்கவும். இருபது கட்டம் போட்ட ஏடு பார்க்க அழகாக இருக்கும். இரண்டாவது வாரமே காலியாகிவிடும்.

வேலையின் வகைக்கு ஓரெழுத்துக் குறி போதும்: புதிதாக எழுதினால் ‘பு’, திருத்தினால் ‘தி’, தகவல் தேடினால் ‘தே’, கடிதம், மெய்ப்பு, பில் போன்றவற்றுக்கு ‘அ’, அதாவது அலுவல். இந்தக் கட்டம் இல்லாவிட்டால் திருத்தும் மாதங்கள் எல்லாம் தோற்ற மாதங்கள் போலத் தெரியும். நன்றாகத் திருத்திய நாளில் சொல் கணக்கு கழித்தலில் போகும். ‘தி’ நாட்களுக்குச் சொற்களைப் பார்க்காமல் நிமிடங்களையும் முடித்த பக்கங்களையும் மட்டும் பார்க்க வேண்டும்.

தூக்கத்தை எந்தத் தேதியில் எழுதுவது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எழுந்த நாளின் வரியில் எழுதுங்கள். திங்கள் இரவு படுத்துச் செவ்வாய் காலை எழுந்தால் இரண்டு நேரமும் செவ்வாய் வரியில். அப்போதுதான் அந்தத் தூக்கமும் அதற்குப் பிறகு நடந்த எழுத்தும் ஒரே வரியில் நிற்கும். படுத்த தேதியில் எழுதினால் எல்லாம் ஒரு வரி தள்ளிப்போய், காரணமும் விளைவும் ஒட்டாமல் நிற்கும்.

எழுத்துக் கட்டங்களை எழுதி முடித்த கையோடு நிரப்பவும். மற்றவற்றை மறுநாள் காலை, அன்றைய தூக்க நேரத்தை எழுதும்போது சேர்த்து நிரப்பலாம். விட்டுப்போன நாளில் பூஜ்யம் போடாதீர்கள், காலியாக விடுங்கள். பூஜ்யம் என்றால் எழுதவில்லை என்று அர்த்தம், காலி என்றால் பதியவில்லை என்று அர்த்தம். இரண்டும் கலந்தால் சராசரி பொய் சொல்லும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மென்பொருள் இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணும். ‘செய்து கொண்டிருந்தாள்’ இரண்டு சொல், ‘செய்துகொண்டிருந்தாள்’ ஒரு சொல். சேர்த்தெழுதும் பழக்கமுள்ள மெய்ப்பாளர் ஒருமுறை பார்த்துத் தந்தாலே, ஒரு வரிகூட வெட்டாமல் நூற்றுக்கணக்கான சொற்கள் குறைந்துவிடும். எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணுவதும் உதவாது. ‘கொ’ என்பதைப் பல மென்பொருள்கள் இரண்டாக எண்ணும். ஆகவே உங்கள் சொல் எண்ணிக்கையை உங்கள் பழைய எண்ணிக்கையோடு, அதே நடையில் எழுதியதோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவரின் தினசரி இலக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவராது. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒரே சொல்லில் ஏறிக்கொள்வதால், அதே விஷயத்துக்குத் தமிழில் சொற்கள் குறைவு.

இலக்கு பற்றி ஒன்று. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரொலோப், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். நாள்தோறும் எழுதிய பக்கங்களையும் குறித்துவைத்தார். 1883இல் வெளியான தன்வரலாற்றில் தன் வாரச் சராசரி சுமார் 40 பக்கம் என்கிறார். மிகக் குறைந்த வாரம் 20, மிக அதிகமான வாரம் 112. அவ்வளவு கறாரான மனிதரின் வாரங்களே ஐந்து மடங்குக்கு மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒரு வாரம் படுத்துவிட்டால் திட்டத்தையே மாற்றக் கிளம்பிவிட வேண்டாம்.

வாசிப்பு

முடித்த புத்தகங்களின் எண்ணிக்கையைக் கணக்கில் முதலாவதாக வைக்காதீர்கள். வைத்தால் கை தானாகச் சின்னப் புத்தகங்களைத் தேடும். 900 பக்க நாவல் அலமாரியிலேயே கிடக்கும். பக்கங்களை எண்ணுங்கள். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறும் என்பதால் அங்கே நிமிடங்களை எழுதுங்கள். ஒலிநூலுக்கும் அப்படியே, ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் ஆறு மணி நேர நூல் நான்கு மணிதான், அந்த நான்கைத்தான் எழுத வேண்டும்.

புத்தகத்துக்கு ஒரு தனிப் பக்கமும் வேண்டும். தொடங்கிய தேதி, முடித்த அல்லது நிறுத்திய தேதி, நிறுத்தினால் எந்தப் பக்கத்தில், ஏன். “பிடிக்கவில்லை” என்று எழுதினால் பிறகு ஒன்றுக்கும் ஆகாது. “80ஆம் பக்கம் வரை ஆறு பாத்திரம் அறிமுகம், இன்னும் ஒரு சம்பவம் நடக்கவில்லை” என்று எழுதினால் அது உங்கள் சொந்த வரைவுக்கே பாடம். எடுத்தெழுதும் வரிக்குப் பக்க எண்ணை அப்போதே போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கட்டுரைக்கு மேற்கோள் தேவைப்படும்போது ஒரு வரிக்காக முழுப் புத்தகத்தையும் புரட்டுவது பெரிய கொடுமை.

மறுவாசிப்பையும் சேர்த்து எண்ணுங்கள். வேலைக்காகப் புரட்டிய நூல்களை ‘தே’ குறியோடு எழுத்தின் பக்கம் போடுங்கள். அவற்றை வாசிப்பில் சேர்த்தால், மாதம் முழுக்க விருப்பப்பட்டு ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்ற உண்மை மறைந்துவிடும்.

உடல்

உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் எழுத்தாளர்களின் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: கழுத்து, கீழ்முதுகு, மணிக்கட்டு, கண், தூக்கம். வலியை எண்ணாக மட்டும் எழுதாமல் இடத்தையும் சேருங்கள்: ‘கழு 4’, ‘மணி 6’. 0 என்றால் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. மூன்று வாரம் ‘கழு 3’ என்று ஓடிவந்தது ‘கழு 5’ ஆன நாளில் என்ன மாறியது என்று பாருங்கள். மடிக்கணினியைத் தாழ்வான மேசைக்கு மாற்றியிருப்பீர்கள், அல்லது கைப்பேசியில் மெய்ப்புப் பார்த்திருப்பீர்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வருமாறு மடிக்கணினியை உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்தால் கழுத்து வலி பலருக்குக் குறையும்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போவதும், இரவில் அதனால் விழிப்பு வருவதும் வெறும் களைப்பு இல்லை. மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். ஏட்டில் அது அடிக்கடி தலைகாட்டினால் தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். தேதிவாரியான பதிவு கையில் இருப்பது அங்கே மிகவும் உதவும்.

கண்ணுக்கு எளிய வழி: 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 6 மீட்டர் தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்ப்பது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது; கண் எரிச்சலுக்கு அதுவே முக்கியக் காரணம்.

நடைக்கு அளவுகோல், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கம். நாளுக்கு நாள் பார்க்காமல் வாரமாகக் கூட்டிப் பாருங்கள். தூக்கத்தில் படுத்த நேரம், எழுந்த நேரம் மட்டும் போதும்; “தரம்” என்று ஒரு கட்டம் வைத்தால் அது பெரும்பாலும் மனநிலையின் நகலாகவே முடியும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். காப்பியில் உள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் எடுக்கும். ஆகையால் தூக்கம் தள்ளிப்போகும் நாட்களில் கடைசிக் கோப்பை எத்தனை மணிக்கு என்று குறிப்பு வரியில் எழுதிப் பாருங்கள்.

மாதவிடாய் உள்ளவர்கள் முதல் நாளைத் தேதியோடு குறிக்கவும். அந்தச் சுழற்சி நாள்காட்டி மாதத்தோடு ஒத்துப்போகாது. குறிக்காவிட்டால் மனநிலை எண்கள் காரணமில்லாமல் ஆடுவது போல இருக்கும். உடல் எடையை இந்த ஏட்டில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. தண்ணீரும் உணவும் மட்டுமே அதை நாளுக்கு நாள் ஒரு கிலோ வரை ஆட்டிவிடும். கவனம் முழுவதையும் அது தின்றுவிடும்.

மனநிலை எண் இரண்டு வாரம் தொடர்ந்து 1, 2 என்றே இருந்தால் அதை எழுத்தாளர் மந்தம் என்று பெயரிட்டுக் கடந்துபோகாதீர்கள். மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது.

மாதம் முடிந்ததும்

கடைசி நாள் இரவில் உட்காராதீர்கள். களைப்பில் எல்லாம் மோசமாகத் தெரியும். அடுத்த மாதம் முதல் அல்லது இரண்டாம் தேதி காலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் 20 நிமிடம் கூட்டல் மட்டும். மொத்தத்தை எழுதி, அதைப் பதிந்த நாட்களால் வகுங்கள். பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31. மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் மாறாமலே பத்து சதவீதம் முன்னேறியது போல இருக்கும். அடுத்த 15 நிமிடம் குறிப்பு வரிகளை வரிசையாக வாசிக்கவும், எதுவும் எழுதாமல். பிறகு 40 நிமிடம் எழுதுங்கள்.

எழுதும்போது “இந்த மாதம் கொஞ்சம் சோர்வு” என்ற வகை வாக்கியம் வந்தால் நிறுத்தி ஏட்டைப் பாருங்கள். “12 முதல் 19 வரை எட்டு நாளும் படுத்தது 1 மணிக்கு மேல். அந்த எட்டு நாளில் மொத்தம் 900 சொல். அதற்கு முந்திய எட்டு நாளில் 4,100.” இப்படி எழுதினால் அடுத்து என்ன செய்வது என்பது அதிலேயே வந்துவிடும். ஆனால் ஒரு மாதத்துப் பொருத்தத்தை விதியாக்கிவிடவும் கூடாது. தூங்காததால் எழுத்து குறைந்ததா, எழுத்து சிக்கியதால் தூக்கம் போனதா என்பது மூன்று மாதமாவது பார்த்தால்தான் பிடிபடும்.

மிச்சமுள்ள 15 நிமிடத்தில் ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்யுங்கள். எப்போது, எதற்குப் பிறகு, எவ்வளவு என்பது மூன்றும் அதில் இருக்க வேண்டும்: “காலையில் பல் துலக்கியதும், கைப்பேசியைத் தொடும் முன், 25 நிமிடம் புதிய பக்கம்.” மூன்று மாற்றங்களை ஒன்றாகப் போட்டால் எது உதவியது என்றே தெரியாது. லண்டனில் பிலிப்பா லல்லியும் சகாக்களும் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊன்ற ஆன காலத்தின் இடைநிலை 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே அடுத்த மாதமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றுக்குத் தாவாதீர்கள். இரண்டு மூன்று மாதம் அதுவே இருக்கட்டும்.

பிறருக்குக் காட்டுவதானால்

வாசகர்களுக்கு அனுப்புவது வேறு குறிப்பு. ஏட்டிலிருந்து வெட்டி ஒட்டக் கூடாது. 600 முதல் 900 சொல் போதும். எழுதி ஒரு நாள் ஆறவிட்டு மறுபடி படியுங்கள். வீட்டாரின் உடல்நிலை, பதிப்பாசிரியர் தனிப்பட எழுதிய கடிதம், இன்னும் அறிவிக்காத ஒப்பந்தம் மூன்றும் வெளியே போகக் கூடாது. உங்களுக்குப் பலித்ததை “நான் இப்படிச் செய்தேன்” என்பதோடு நிறுத்துங்கள்; “நீங்களும் செய்யுங்கள்” என்றால் அது மருத்துவ ஆலோசனை ஆகிவிடும்.

மாதாமாதம் அதே மூன்று தலைப்பை அதே வரிசையில் போட்டால் நான்காவது மாதம் யாரும் படிக்க மாட்டார்கள். அந்த மாதத்தில் எது செறிவாக இருந்ததோ அதில் தொடங்குங்கள். ஒன்றும் படிக்காத மாதத்தில் வாசிப்புப் பகுதிக்கு ஒரு வரி போதும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், மாதம் இரண்டு இலக்கத்தில்: 2025-03, 2025-04. அப்போதுதான் தானாக வரிசையில் நிற்கும், போன வருடத்து இதே மாதத்தை ஒரு தட்டலில் பக்கத்தில் திறந்து வைக்கலாம்.