பழைய பைபர் படகைக் கழிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கட்டுமரம் பழசானால் கட்டை அடுப்புக்குப் போகும். வள்ளம் பழசானால் நல்ல பலகையைக் கழற்றி வேறு எதற்காவது வைத்துக்கொள்வார்கள், மிச்சம் மண்ணோடு மண்ணாகிவிடும். பைபர் படகுக்கு இந்த வழி எதுவுமே கிடையாது. ஆனாலும் நாம் அதை மரம் மாதிரியே நினைத்துத்தான் எரிக்கிறோம், புதைக்கிறோம், கரையில் அப்படியே விட்டுவிடுகிறோம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் தமிழகக் கரை முழுக்கப் பைபர் படகுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்தன. நிறைய படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டவை. அந்தத் தலைமுறைப் படகுகளுக்கு இப்போது வயது இருபது ஆகிவிட்டது, அதனால் இந்தப் பேச்சை இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

பைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையால் ஆன பாயைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுக வைத்தது. ஹார்ட்னர் கலந்து ஒருமுறை இறுகிய ரெசின் திரும்ப உருகாது, வெந்த இட்லி மறுபடி மாவாகாத மாதிரி. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி வேறொன்று செய்யலாம், இதில் அது நடக்காது. காயலான் கடையில் இன்ஜினுக்கு விலை பேசுபவர் படகின் உடம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

சரி, தவறுகளுக்கு வருவோம். முதலில் எரிப்பது. டீசலை ஊற்றிக் கொளுத்தினால் ஒரே ராத்திரியில் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். எரிவது ரெசின் மட்டும்தான், கண்ணாடி இழை எரியாது. தீ அணைந்த பிறகு போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் நைந்த துணி மாதிரி ஒன்று கிடக்கும், தொட்டால் உதிரும், காற்றடித்தால் பறக்கும். ரெசின் கட்டிப்பிடித்திருந்த வரைக்கும் அடங்கியிருந்த இழை இப்போது கட்டவிழ்ந்து மணலில் கலக்கிறது. புகையில் ஸ்டைரீன், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுக்கள் இருக்கும். படகு மிதப்பதற்காக உள்ளே அடைத்திருக்கும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும், அது ஆளையே கொல்லும் வாயு. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்கும் கரையில் இதைச் செய்யவே கூடாது.

அப்புறம் புதைப்பது. மணலுக்கு அடியில் போட்டால் மறைந்துவிடும், உண்மைதான், அடுத்த புயல் வரைக்கும். அரிப்பு நடக்கும் கரையில் குழி தோண்டிப் புதைத்தது கூரான விளிம்போடு வெளியே வந்து நிற்கும். கரைவலை இழுப்பவர்களின் காலையும் கிழிக்கும், வலையையும் கிழிக்கும். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட ஏறிவருவதும் இதே மணலில்தான்.

கடலில் கொண்டுபோய் மூழ்கடித்தால் மீன் சேரும் என்று சொல்பவர்களும் உண்டு. செயற்கைப் பாருக்கு, அதாவது மீன் சேரக் கடலடியில் அமைக்கும் திட்டுக்கு, மீன்வளத்துறை இடம் பார்த்து, கனமான கான்கிரீட் வடிவங்களை இறக்குகிறது, அவை போட்ட இடத்தில் நிற்கும். பைபர் லேசானது, நீரோட்டத்தில் உருண்டு வலையில் மாட்டும். அதைவிட மோசம், ஃபோம் இருக்கும் படகு முழுசாக மூழ்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அரைமுழுக்கில் மிதந்துகொண்டிருக்கும். இருட்டில் தொழிலுக்குப் போகும் இன்னொரு படகு அதில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடலுக்குள் போன பைபர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது. இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகத்தில், படகுப் பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்த சிப்பிகளைச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. ஒரு கிலோ ஆளிச் சிப்பியில் 11,220 வரை கண்ணாடித் துகள்கள் இருந்தன. படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பழுதுபார்க்கும் குளிர்காலத்தில்தான் அளவு கூடியது. நம் கழிமுகங்களிலும் சிப்பியும் நண்டும் எடுத்துச் சாப்பிடுகிறோம்.

இதனால்தான் அறுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரையில் அதிகம் கெடுதல் நடப்பது இந்த இடத்தில்தான். லுங்கியும் பனியனுமாக, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டு அறுக்கிறார்கள். அரிசி மாவு மாதிரி வெள்ளைத் தூள் கைமுடியிலும் இமையிலும் ஒட்டும், சாயங்காலம் கழுத்தெல்லாம் அரிக்கும். அரிப்பு இரண்டு நாளில் போய்விடும், மூச்சோடு உள்ளே போன நுண்தூள் அவ்வளவு எளிதில் போகாது. துண்டு அதைத் தடுக்காது. குறைந்தபட்சம் முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம், கண்ணை மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை வேண்டும். முதல் விஷயம், சின்னச் சின்னதாக அறுக்காதீர்கள். லாரியில் ஏறும் அளவுக்கு நாலைந்து பெரிய துண்டானால் போதும், ஒவ்வொரு வெட்டும் கூடுதல் தூள். ஜேசிபி கிடைத்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டே அதை வைத்து உடைப்பது கிரைண்டரைவிட எவ்வளவோ மேல். ஈரத்தில் வேலை செய்யும்போது கரண்ட் கிரைண்டரைத் தொடவே கூடாது, கைவாள் போதும். இடம் அலைக்கோட்டுக்கு மேலே, வீடுகளை விட்டுத் தள்ளி, காற்று ஓய்ந்த நேரம், அடியில் தார்ப்பாய். விழுந்த தூளை ஈரத்தோடு அள்ளிச் சாக்கில் கட்டிவிட வேண்டும். உடம்பை முதலில் தேய்க்காமல் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

அறுத்த துண்டை மாட்டுத் தொட்டியாக வைப்பதையும் விட்டுவிடலாம், உடைந்த விளிம்பிலிருந்து இழை உதிர்ந்து தீவனத்தில் சேரும்.

உடைப்பதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும்: பேட்டரி, டீசல் டேங்க், அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீர், ஷாப்ட், புரொப்பல்லர், போல்ட்டுகள். எண்ணெயை மணலில் கொட்டிவிட்டுப் பைபரைப் பற்றி மட்டும் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. இன்னொன்று, படகு உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். பல படகுகளில் கெட்டிருப்பது இன்ஜின் உட்காரும் இடத்தில் உள்ளே வைத்த பிளைவுட் மட்டும்தான், அது ஊறிக் கருத்து, கையால் பிய்த்தால் வரும். உடம்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும் இடம் கணீரென்று கேட்கும், அடுக்கு விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். சேதம் ஓரிடத்தில் மட்டும் என்றால் நல்ல ஆளை வைத்துச் சரிசெய்யலாம்.

காகித விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பதிவு எண் எழுதிய படகைக் கரையில் விட்டுப் போவதும், பெயர் மாற்றாமல் யாருக்கோ சொற்ப விலைக்குத் தள்ளிவிடுவதும் ஒரே ஆபத்து. நாளைக்கு அந்தப் படகு கடத்தலில் பிடிபட்டால் விசாரணை வருவது பதிவில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான். படகை உடைக்கும் முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்து, அதற்கான தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து துண்டுகளை எங்கே அனுப்புவது? 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி இது தெர்மோசெட் கழிவு, அதாவது ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாத பிளாஸ்டிக். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே ஆண்டு இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது, அதில் சொல்லியிருக்கும் முக்கியமான வழி சிமென்ட் சூளை. ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடியில் இருக்கும் சிலிக்காவும் சுண்ணாம்பும் அலுமினாவும் சிமென்டிலேயே சேர்ந்துவிடுகின்றன. ஜெர்மனியில் காற்றாலை இறக்கைகளை இப்படித்தான் தீர்க்கிறார்கள். நமக்கு அரியலூர் பக்கத்திலேயே வரிசையாகச் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் தனி ஆளாக ஒரு படகை ஏற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றால் வேலை ஆகாது. ஒரு ஊரின், முடிந்தால் நாலைந்து ஊர்களின் படகுகள் சேர்ந்தால்தான் லாரிச் செலவும் கட்டும், அனுமதி கேட்பதற்கும் ஒரு கனம் இருக்கும்.

பிரான்சில் 2019 முதல் உல்லாசப் படகு தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் கட்டும் தொகையில் பழைய படகை இலவசமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள், மையம் வரை கொண்டுவரும் செலவு மட்டும் உரிமையாளருடையது. இங்கே பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பழைய படகுக்குப் பதில் புதுசு வாங்க மானியம் இருக்கிறது. அந்தப் பணத்தோடேயே பழையதை எடுத்துப்போகும் ஏற்பாட்டையும் சேர்க்க வேண்டும் என்று நாம் கேட்டே ஆக வேண்டும், ஏழை மீனவர் தலையில் மட்டும் இதைக் கட்டுவது நியாயமில்லை. கூட்டுறவு சங்கம் வழியாக மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். மனுவில் பொதுவாக எழுதாமல், கரையில் கிடக்கும் ஒவ்வொரு படகின் நீளம், பதிவு எண், கிடக்கும் இடம், ஒரு போட்டோ, இன்ஜினும் எண்ணெயும் எடுத்தாகிவிட்டதா என்ற விவரம், இவ்வளவையும் பட்டியலாக இணைத்துவிடுங்கள்.