பேப்பர் தொடங்கும் முதலாளிகள் செய்யும் தவறுகள்

பஸ் முதலாளியோ நகைக்கடைக்காரரோ, மாவட்டத்தில் நாலு காசு பார்த்தவர் அடுத்து ஒரு நாளிதழ், அப்புறம் எம்.எல்.ஏ. சீட் என்று இறங்குவது புதிதல்ல. பேப்பரை விற்று ஊர் ஊராக அனுப்பும் சர்க்குலேஷன் பிரிவில் நாங்கள் அன்று சறுக்கிய இடத்திலேயேதான் இன்று வருகிறவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கல் அச்சு எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

கட்சிக்காரருக்கு ஏஜென்சி கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். "நம்ம பையன்தானே" என்று ஒன்றியச் செயலாளரின் மச்சானுக்கு டெபாசிட் இல்லாமல் ஏஜென்சி. அவர் கேட்பது 500 காப்பி. வீடு வீடாகப் போட ஒரு பையன்கூட அவரிடம் கிடையாது.

தென் மாவட்டத்தில் ஒரு பஸ் முதலாளியின் பேப்பர். வசூலுக்குப் போனால், ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் கட்டுகள் சணல்கூட அவிழ்க்காமல் அடுக்கிக் கிடக்கின்றன. மேலே கிடக்கும் கட்டின் முதல் பக்கப் படத்தில் முதலாளி சால்வை வாங்கியபடி சிரிக்கிறார். பில்லை நீட்டினால், "அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்." அண்ணனிடம் சொன்னால், "எலெக்ஷன் நேரம், விடுப்பா." காகிதம் கொடுத்தவர் விடுவாரா? இதில் அச்சடித்ததையெல்லாம் விற்பனை என்று சொல்லி விளம்பரம் வேறு கேட்பார்கள். ஊர்க் கடைக்காரருக்குத் தெரியாதா, யார் வீட்டுக்கு எந்தப் பேப்பர் வருகிறது என்று?

கர்நாடகத்தில் ஹூப்பள்ளியின் விஜய் சங்கேஷ்வரைப் பாருங்கள். 1976இல் ஒரே லாரியோடு தொழில் தொடங்கியவர். அவருடைய 'விஜய கர்நாடகா' சில ஆண்டுகளிலேயே கன்னடத்தில் அதிகம் விற்கும் நாளிதழானது. விடிவதற்குள் கட்டு ஊர் போய்ச் சேர வேண்டும் என்று லாரிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேப்பர் வாங்குகிறவர் ஓட்டும் போடுவார் என்று நம்புவது

அதே சங்கேஷ்வர் தார்வாட் வடக்கு மக்களவைத் தொகுதியில் பா.ஜ.க. சார்பில் மூன்று முறை ஜெயித்தவர். பிறகு 'கன்னட நாடு' என்று தனிக்கட்சி கண்டார். கையில் அவ்வளவு பெரிய பேப்பர் இருந்தும் 2004 தேர்தலில் கட்சி எடுபடவில்லை. 2006இல் பேப்பரை டைம்ஸ் குழுமத்துக்கு விற்றார். 2012இல் 'விஜயவாணி'யோடு திரும்பி வந்தார். வந்தது பேப்பருக்கு என்பதைக் கவனியுங்கள்.

தினமும் முதல் பக்கத்தில் முதலாளி படம்

கோயில் கொடைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. போதும்.

பேப்பரின் பெயருக்கு அரசு அனுமதி வருமுன் போஸ்டர்

ஒட்டாதீர்கள்.

சொந்தப் பேப்பர்தானே, செலவு ஏது என்பது

வேட்பாளர் தன் பேப்பரிலேயே தனக்குப் பிரசாரம் செய்தாலும், விளம்பரக் கட்டணப்படி அது தேர்தல் செலவுதான். பணம் கொடுத்துப் போட்ட செய்தியின் செலவை 2007 தேர்தல் கணக்கில் காட்டாததற்காக, உத்தரப் பிரதேசம் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவைத் தேர்தல் ஆணையம் 2011இல் 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. வேட்புமனு போடுமுன்பே உங்கள் பேப்பரின் ரேட் கார்டை, அதாவது விளம்பரக் கட்டணப் பட்டியலை, ஆடிட்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.