வீட்டிலேயே பிரசவமா? சுங்கை சிப்புட் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு

வீட்டிலேயே பிள்ளை பெறக்கூடாது என்று மலேசியாவில் சட்டம் இல்லை. சட்டம் கேட்பது, பிரசவம் பார்ப்பது யார் என்று. 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் பார்க்கலாம். 'டூலா' எனப்படும் பிரசவத் துணையாள் கூட இருந்து தைரியம் சொல்லலாம். பிள்ளையை எடுக்கக் கூடாது. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிரசவம் பார்க்கும் பாட்டிக்குக் கைராசி எவ்வளவு இருந்தாலும் அப்படித்தான்.

முதலில் பிங்க் புத்தகத்தை, அதாவது தாயின் கர்ப்பகாலப் பதிவேட்டை எடுங்கள். கிளினிக் டேசாவில் (அரசாங்கக் கிராம மருந்தகத்தில்) ஆபத்தின் அளவைக் காட்ட அதில் ஒட்டும் வண்ணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சளும் பச்சையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. வெள்ளையிலும் எல்லாருக்கும் வீட்டுப் பிரசவம் கிடையாது. தலைப்பிரசவம், ஆறாவது பிள்ளை, 145 செ.மீ.க்குக் குறைந்த உயரம் என்றால் மருத்துவமனைதான். மாதாமாதம் வண்ணம் மாறலாம் என்பதால், ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, மிஸ்ஸியிடம் (கிளினிக் தாதியிடம்) நேராகக் கேளுங்கள்: "வீட்டுக்கு வந்து பார்ப்பீங்களா?" இல்லை என்றால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வண்டி. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பிள்ளை பிறந்த பிறகும் நஞ்சுக்கொடி இறங்காமல் நிற்கலாம். கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் சிறிது நேரத்திலேயே அரை லிட்டரைத் தாண்டிவிடும். கருப்பை சுருங்குவதற்கான ஊசி மிஸ்ஸியிடம் இருக்கும், ரத்தம் ஏற்ற வசதி இருக்காது. சிக்கலான கேஸை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். மழையில் செம்மண் பாதை சேறாகி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வீர்கள்? பெட்ரோல் போட்ட கார், இரவிலும் கூப்பிட்டால் வரும் ஓட்டுநர், தோட்ட கேட்டின் சாவி யாரிடம் என்ற விவரம், மூன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். 999க்கு அழைத்தால் சொல்ல தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய எண் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வீட்டுக்குச் சுத்தமான தண்ணீர், நல்ல வெளிச்சம், கரண்ட் போனால் டார்ச். அவ்வளவுதான்.

பிறந்ததும் குழந்தைக்கு வைட்டமின் கே, பிசிஜி, ஹெபடைடிஸ் பி ஊசிகள் உண்டு. ஜி6பிடி (ரத்தத்தில் உள்ள ஒரு நொதி), தைராய்டு சோதனைகளையும் மறக்காமல் கேளுங்கள். மிஸ்ஸி 1, 2, 3, 4, 6, 8, 10, 20ஆம் நாட்களில் வீட்டுக்கு வருவார். குழந்தையின் கண்ணிலும் தோலிலும் மஞ்சள் தெரிந்தால் மிஸ்ஸி வரும் நாளுக்காகக் காத்திருக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாகப் பிறப்புப் பத்திரம். தீபகற்பத்தில் 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பெற்றோரின் அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், பிங்க் புத்தகம், பிரசவம் பார்த்தவரின் உறுதிப்பாடு எல்லாம் கொண்டுபோங்கள். பதிவு பெற்ற யாரும் பார்க்காத பிரசவம் என்றால் அங்கே கேள்விகள் கூடும்.