ஹோம் தியேட்டரில் 'ங்ங்ங்' இரைச்சலா? எர்த்தைச் சரிசெய்யும் முறை

பாட்டை நிறுத்தினாலும் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் நிற்காமல் ஓடுகிறதா? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த ஐம்பதுதான் பாட்டுக்குள் புகுந்து இரைகிறது. பல வீடுகளில் ஆம்ப்ளிஃபயர் நன்றாகத்தான் இருக்கும். எர்த் இரண்டு வழியாக வருவதுதான் சிக்கல்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளக்கில் இருக்கும் பெரிய எர்த் பின்னைப் பிடுங்கிவிடு, இரைச்சல் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கவும் செய்யும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் லீக்கேஜ் வருகிற அன்று ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியே ஷாக் அடிக்கும். அந்தப் பின்னில் கை வைக்காதீர்கள்.

செட்டை ஆஃப் செய்து, பின்னால் செருகியிருக்கும், பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள்களை எல்லாம் கழற்றுங்கள். ஸ்பீக்கர் வயர் மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் செய்யுங்கள். இன்னமும் இரைந்தால் கோளாறு பெட்டிக்குள்ளேயே. அசெம்பிள் செட்டுகளில் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகித் தலை உப்பியிருக்கும்; 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்பாக இரையும். ஆஃப் செய்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் புதியவர்கள் திறக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

அமைதியாகிவிட்டதா? சரி, அப்படியென்றால் வெளியே தேடலாம். ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து ஒரு கேபிளைச் செருகி, ஆன் செய்து கேளுங்கள். எதைச் செருகியதும் இரைச்சல் திரும்புகிறதோ, அந்தப் பக்கம்தான் வேலை. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது சத்தம் நின்றால் சந்தேகமே இல்லை.

அடிக்கடி மாட்டுவது கேபிள் டிவி வயர். கம்பத்துக்குக் கம்பம் தாவி வரும் அந்த வயரின் வெளிப்பின்னல் தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். ஆம்ப்ளிஃபயரோ உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு, அதாவது அதன் வெளிப்பின்னல் வழியாகக் கரண்ட்டாக ஓடுகிறது. பாட்டு வருவதற்கும் அதே ஷீல்டுதான் ஒரு கால் என்பதால் இரைச்சல் அதோடு கலந்துவிடுகிறது. செட்டாப் பாக்ஸின் சுவிட்சை அணைத்துப் பார்த்தால் தெரியாது, ஷீல்டு இணைப்பு அப்படியே இருக்கும். பின்னால் திருகியிருக்கும் வயரைக் கையால் கழற்றிப் பாருங்கள்.

காரணம் பிடிபட்டதும், டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில், ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து கொடுங்கள். பல வீடுகளில் இதிலேயே பாதிக்கு மேல் குறையும். மீதிக்கு, டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் அந்தக் கேபிளைப் போடுங்கள். வெளிச்சம் வழியாகப் போகும் பாட்டுக்கு எர்த் தொடர்பே கிடையாது. இல்லையென்றால் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், ஆர்சிஏ கேபிளுக்கு நடுவே மாட்டி எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் கேளுங்கள். உள்ளே இருப்பது சிறிய டிரான்ஸ்ஃபார்மர். மலிவானதில் அடி பாஸ் கொஞ்சம் மெலியும், தவில் கேட்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆம்ப்ளிஃபயருக்கென்று தனியாக ஒரு எர்த் குழி தோண்டச் சொல்கிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். வீட்டு எர்த்தோடு சேராத இரண்டாவது குழி, இரைச்சலுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிடுவதுதான், ஆபத்தும்கூட. இருக்கிற குழியைக் கவனியுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்துக் கிடக்கும்போது கம்பிக்கும் மண்ணுக்கும் பிடிப்பு விட்டுப்போகும். யானைமலை அடிவாரம் போன்ற பாறைத் தரையில் கேட்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். எலக்ட்ரீஷியன் வரும்போது பிளக் பாயிண்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஓடும்போது ஓரிரண்டு வோல்ட் காட்டினால் பரவாயில்லை, பத்து இருபது என்றால் வயரிங்கைத் தேட வேண்டும். அப்போதும் துல்லியமாகச் சைபர் என்றால் பிளக் பாயிண்ட் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: பழைய வீடுகளில் எர்த் வயர் இழுக்காமல் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயரை எர்த் துளைக்குக் கொடுத்திருப்பார்கள்.