ஸ்கோர் நோட்டை வாங்கிக்கொண்டு பந்தைக் கொடுங்கள்

பெங்களூரில் அல்சூர், ஜீவனஹள்ளி பக்கத்துப் பள்ளிகளில் பி.டி. பீரியட் நேரத்தில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. மொத்த வகுப்பும் ஓடிக்கொண்டிருக்கும். மர நிழலில் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளை மட்டும் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருக்கும். கொஞ்சம் அக்கறையுள்ள ஆசிரியர் என்றால் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "நீ ஸ்கோர் எழுதும்மா" என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அதையே செய்தேன். காலில் காலிப்பர் (நடக்க உதவும் தாங்கி) போட்ட ஏழாம் வகுப்புப் பெண் அவள். வருடக் கடைசியில் அவள் அம்மா வந்து, "மிஸ், செவ்வாய்க்கிழமை ஆனா வயித்துவலின்னு படுத்துக்குறா, ஏன்னே தெரியல" என்றார். செவ்வாய்தான் எங்கள் பி.டி. பீரியட்.

ஸ்கோர் எழுதுவது பங்கேற்பு ஆகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவில், கல்வியோடு விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைப் பள்ளி தர வேண்டும் என்கிறது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் இதற்கென்றே ஓர் அலகு இருக்கிறது. அதை எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்கும் வகுப்பிலேயே ஒரு பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரி, விளையாட வைக்கலாம் என்று முடிவெடுத்த ஆசிரியர் அடுத்துச் செய்யும் தவறு, குறைபாட்டின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடுவது. செரிபிரல் பால்சி (மூளை முடக்குவாதம்) என்று சான்றிதழில் ஒரே பெயர் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவன் கால் விறைத்து நடப்பான். இன்னொருவனுக்குத் தலை நிற்பதே சிரமமாக இருக்கும். ஒரே வீடியோ இருவருக்கும் எப்படிப் பொருந்தும்? முதலில் இரண்டு பீரியட் பிள்ளையைப் பாருங்கள். எந்தக் கையில் பிடிக்கிறான், எத்தனை நிமிடத்தில் களைக்கிறான், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்கிறான்? மீதியை வீட்டில் கேளுங்கள். அதன்பிறகு "உட்கார்ந்தபடி பந்து பிடித்தல்", "ஒரு கையால் எறிதல்" என்று தேடினால் வேண்டியது கிடைக்கும். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பின் பயிற்சிக் கையேடுகளை இலவசமாகவே படிக்கலாம்; கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென அவர்களிடம் தனித் திட்டமும் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெளிநாட்டு வீடியோக்கள் பலவற்றில் தரை வழுவழுப்பான உள்ளரங்கம். நம் செம்மண் மைதானத்தில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் புதைந்துவிடும். பிரேயர் நடக்கும் சிமெண்ட் தரைக்கு வகுப்பையே மாற்றுவது நல்லது.

குறைபாட்டின் பெயர் கட்டாயம் தெரிய வேண்டிய இடம் பாதுகாப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையனை மற்றவர்களோடு சேர்த்துக் குட்டிக்கரணம் போட நான் வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். கூட்டிப்போக வந்த அவன் பாட்டி கேட் அருகிலிருந்தே, "அய்யோ, கழுத்து, கழுத்து!" என்று கத்தினார். இந்தப் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான தசைநார் தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, தண்ணீரில் தலைகுப்புறக் குதிப்பது எல்லாம் தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை இவற்றைத் தொடவே கூடாது. கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்வது, நடையில் மாற்றம் தெரிந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள். மூளையில் சேரும் நீர் வடிய ஷண்ட் என்ற குழாய் வைத்த பிள்ளை பந்தைத் தலையால் முட்டக் கூடாது. அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

பணம் வரட்டும், சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் தவறுதான். உட்கார்ந்தபடியே பந்தை எறிந்தோ உருட்டியோ ஆடும் போச்சியா விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பந்து ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஒன்று. வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. ஒரு பந்தின் எடை 275 கிராம் அளவில் இருக்கும். நாங்கள் பழைய சாக்ஸில் ராகியை நிறைத்து, கேன்டீன் தராசில் நிறுத்து, வாயைத் தைத்து, மேலே இன்னொரு சாக்ஸை மாட்டினோம். கை வீச முடியாத பிள்ளைக்கு நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து சரிவுப் பாதை செய்தோம். அதில் சாக்ஸ் பந்து உருளவில்லை, சிக்கிக்கொண்டது. அதற்கு மட்டும் ஒரு ரப்பர் பந்து வாங்கினோம். பிள்ளை மோவாயால் லேசாகத் தள்ளினாலே போதும், பந்து கீழே வந்துவிடும்.

பாராலிம்பிக் போச்சியாவில் சரிவுப் பாதை வைத்து ஆடுபவருக்கு ஓர் உதவியாளர் உண்டு. அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருக்க வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்பதை ஆடுபவரே சொல்ல வேண்டும். நம் பள்ளியிலோ ஆயாம்மா பிள்ளையின் கையைப் பிடித்துத் தானே எறிந்துவிடுகிறார். அன்போடுதான் செய்கிறார், ஆனால் ஆட்டம் அவருடையதாகிவிடுகிறது. எங்கள் ஆயாம்மாவைத் திரும்பி நிற்கச் சொன்ன முதல் நாள், "இன்னும் லெஃப்ட்... இல்ல இல்ல, கொஞ்சம் ரைட்" என்று அந்தப் பையன் அதிகாரமாகச் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். அதுவரை அவன் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.

பார்வையற்ற பிள்ளைக்குச் சத்தம் வரும் பந்து வேண்டும். பாலிதீன் பையில் கட்டிய ஃபுட்பாலே சரசரக்கும். ஆனால் சுற்றி நாற்பது பேர் கூச்சல் போட்டால் எந்தப் பந்தும் கேட்காது. பார்வையற்றோர் ஆடும் கோல்பால் ஆட்டத்தில் பந்து உருளும்போது பார்வையாளர்கள்கூட மூச்சு விடாமல் இருப்பார்கள். அந்த அமைதியை வகுப்புக்குப் பழக்குங்கள். காது கேளாத பிள்ளைக்கு விசிலுக்குப் பதில் கொடி. பேசும்போது வெயில் அவள் கண்ணில் அடிக்காமல் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். அப்போதுதான் உதடு தெரியும்.

பெங்களூருக்கே உரிய தவறு ஒன்று: அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையிடம் ஒரே நிமிடத்தில் "உட்காரு, கூத்கோ, சிட் டௌன்" என்று மூன்று மொழியில் சொல்வது. அந்தப் பிள்ளைக்கு அவை மூன்று கட்டளைகள். வீட்டில் எந்தச் சொல் என்று கேட்டு, அதையே எல்லா ஆசிரியரும் சொல்லுங்கள். கூடவே ஒரு படம் காட்டுங்கள்.

மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கியதைச் சொல்லி, "நீயும் அப்படி ஆகணும்" என்று பிள்ளையை அழுத்தாதீர்கள். அவரைப் பள்ளியில் உயரம் தாண்ட ஊக்குவித்தவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஆசிரியர் செய்ததை.

கடைசியாக, உடற்தகுதித் தேர்வுப் பட்டியல். 600 மீட்டர் ஓட முடியாத பிள்ளையின் கட்டத்தில் பூஜ்யமோ கோடோ போடுவது வழக்கமாகிவிட்டது. 10 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்றே பிராக்போர்ட் உடற்தகுதித் தேர்வு இருக்கிறது. அதன் 27 சோதனைகளில் பிள்ளைக்குப் பொருந்தும் சிலவற்றை மட்டும் எடுத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் தேதி போட்டு நீங்களே எழுதுங்கள்: ஜூனில் பந்து இரண்டு மீட்டர், ஆகஸ்டில் மூன்று, தீபாவளி லீவுக்கு முன் மூன்றே முக்கால், இடது கை.